லிஸ்பன் நகரை நடந்தே பார்க்க எங்கே தொடங்குவது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்டோபர் கடைசியில் அம்மாவுடன் லிஸ்பன் போகிறேன், மூன்று நாள் இருப்போம். சுற்றுலாப் பேருந்து வேண்டாம், பழைய நகரத்தின் வரலாற்றை நடந்தே பார்க்க ஆசை. ஆனால் எந்தப் பட்டியலை எடுத்தாலும் கோட்டை, தேவாலயம், சதுக்கம் என்று ஒன்று போலவே தெரிகிறது. அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. எந்த வரிசையில் போவது?"

பட்டியலை ஓரமாக வையுங்கள். லிஸ்பனில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது 1755-க்கு முன்னால் இருந்ததா, பின்னால் வந்ததா? அந்த ஆண்டு நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், காலை ஒன்பதரை மணிக்குமேல் நிலம் ஆடியது. பூசை நேரம் என்பதால் தேவாலயங்கள் நிரம்பியிருந்தன, மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. கல் கூரைகள் இடிந்து விழ, தப்பித்து ஆற்றங்கரை வெளிக்கு ஓடியவர்களை முக்கால் மணி நேரத்துக்குள் சுனாமி வந்து அடித்தது, பிடித்த தீயோ நாள்கணக்கில் எரிந்தது. நடு ஊர் மொத்தமும் போய்விட்டது. கிழக்கு மேட்டில் இருந்த அல்ஃபாமா பகுதி பெரும்பாலும் தப்பியது. இதைத் தெரிந்துகொண்டு போனால் கோட்டையும் சதுக்கமும் ஒன்று போலத் தெரியாது, ஒவ்வொன்றும் அந்தக் காலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண்ணே பிரித்துவிடும்.

முழங்கால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஏறுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், மூட்டு வலி இருப்பவர்களுக்கு படி இறங்குவது அதைவிடக் கஷ்டம். அதனால் மேட்டுக்கு வண்டியிலோ லிஃப்டிலோ போய், இறங்கும்போது படிக்கட்டுச் சந்துகளை விட்டு டிராம் தண்டவாளம் போகும் சாய்வான சாலையைப் பிடியுங்கள். பைஷா என்கிற சமவெளிப் பகுதியில் ஃபான்கெய்ரோஸ் தெருவில் இலவசப் பொது லிஃப்ட் ஒன்று இருக்கிறது, அதில் ஏறி, கொஞ்ச தூரம் நடந்து இன்னொரு லிஃப்ட் பிடித்தால் கோட்டை மேட்டில் பெரும் பகுதி முடிந்துவிடும். ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 எண் பேருந்தும் கோட்டைக்குப் போகிறது. புகழ்பெற்ற 28 எண் டிராமை இதற்கு நம்ப வேண்டாம், கூட்டத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, ஜேப்படியும் அதிகம். காலணி ரப்பர் அடி வைத்ததாக இருக்கட்டும். நடைபாதை முழுக்க சுண்ணாம்புக் கல் பதித்தது, தேய்ந்து வழவழப்பாகியிருக்கும், அக்டோபர் கடைசியில் மழை வந்தால் நன்றாகவே வழுக்கும்.

முதல் நாள் மேலிருந்து தொடங்குங்கள். சாவ் ஜோர்ஜ் கோட்டையை 1147-ல் போர்த்துகலின் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிக்ஸ் முஸ்லிம் ஆட்சியிடமிருந்து பிடித்தார், சிலுவைப் போருக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த வட ஐரோப்பிய வீரர்களின் உதவியோடு. ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் கோட்டைச் சுவரை அப்படியே இடைக்காலம் என்று நம்பிவிடாதீர்கள், அதில் நிறைய 1940-ஐ ஒட்டி சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி எடுத்துக் கட்டியது. நாட்டின் பிறப்பைக் கொண்டாட ஒரு முழுக் கோட்டை அவர்களுக்குத் தேவைப்பட்டது. என் கணிப்பில் அங்கே உண்மையான பொக்கிஷம் சுவர் அல்ல, உள்ளே ஒரு மூலையில் இருக்கும் அகழாய்வுத் தளம்தான். இரும்புக் காலத் தடயம், அதன்மேல் 11, 12-ஆம் நூற்றாண்டு முஸ்லிம் குடியிருப்பின் வீடுகள், அதற்கும் மேலே 1755-ல் இடிந்த அரண்மனையின் மிச்சம், எல்லாம் ஒரே குழியில். பலர் கொத்தளத்தில் படம் எடுத்துக்கொண்டு இதைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

அங்கிருந்து போர்த்தாஸ் து சோல் காட்சிமேடைக்கு வந்து அம்மாவை உட்கார வையுங்கள். பழைய மூரிஷ் மதிலின் துண்டு பக்கத்திலேயே நிற்கிறது, கீழே அல்ஃபாமாவின் கூரைகள். அப்புறம் தண்டவாளத்தோடு இறங்கினால் ரோமானிய நாடக அரங்கின் அருங்காட்சியகம் வரும். நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊரைத் திரும்பக் கட்டும்போது, 1798-ல்தான் அந்த அரங்கு மண்ணுக்கு அடியில் தென்பட்டது. அடுத்தது சே பேராலயம், பள்ளிவாசல் இருந்த இடத்தில் 1147-க்குப் பிறகு எழுந்தது.

இன்னும் கீழே, ஆற்றுப் பக்கம், முகப்பு முழுக்கக் கூரான கற்கள் துருத்தி நிற்கும் ஒரு வீடு இருக்கிறது: காசா துஸ் பிகுஸ். 1523-ல் கட்டியவர் கோவாவைப் பிடித்த அல்புகெர்க்கின் மகன். 1755-ல் மேல் இரண்டு மாடிகள் போயின, 1980-களில்தான் திரும்ப எழுப்பினார்கள். தரைத்தளத்தில் ரோமானியர் மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகளைப் பார்க்கலாம், மாடியில் எழுத்தாளர் சரமாகோவின் அறக்கட்டளை இருக்கிறது, வாசலில் நிற்கும் ஒலிவ மரத்தடியில்தான் அவருடைய சாம்பலை வைத்தார்கள். அல்ஃபாமாவின் சந்துகளை அம்மா பார்க்க வேண்டுமானால் இந்தக் கீழ்ப்பக்கத்திலிருந்து சாவ் பெத்ரு தெரு வழியாகக் கொஞ்ச தூரம் போய்த் திரும்புங்கள், படி அதிகம் இல்லை.

இரண்டாம் நாள் பைஷா, சமதளம், அம்மாவுக்குச் சுலபம். ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கு இன்றைக்கும் உள்ளூர்க்காரர்கள் அரண்மனை முற்றம் என்றுதான் சொல்கிறார்கள், அரண்மனை போய் 270 ஆண்டுக்கு மேலாகிறது. நூலகத்தோடு சேர்ந்து அழிந்தது அது. மன்னர் ஜோசே அதற்குப் பிறகு கல் கட்டடத்துக்குள் தூங்கவே பயந்து, அஜூடா மேட்டில் மரத்தாலான குடியிருப்பில் வாழ்ந்தார். சதுக்கத்து நடுவில் குதிரைமேல் இருப்பவர் அவர்தான், 1775-ல் வைத்த வெண்கலச் சிலை. ஊரைத் திரும்பக் கட்டிய வேலை அவருடைய அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு ஆனவருடையது.

சதுக்கத்திலிருந்து ஊருக்குள் திறக்கும் பெரிய வளைவைத் தாண்டித் தெருவுக்குள் போனதும் நின்று கட்டடங்களைப் பாருங்கள். ஒரே உயரம், ஒரே மாதிரி ஜன்னல், அலங்காரம் குறைவு. சீக்கிரமாகவும் பாதுகாப்பாகவும் கட்ட வேண்டியிருந்ததால் அளவுகளைத் தரப்படுத்தினார்கள். சுவருக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் கோத்த கூண்டு ஒன்று மறைந்திருக்கிறது. நிலம் ஆடினால் கல் உதிர்ந்தாலும் சட்டம் வளைந்து கொடுத்து மாடியைத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. தீ தாவாமலிருக்க வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கூரைக்கு மேலே எழும் தடுப்புச் சுவர் வைத்தார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கவென்றே திட்டமிட்டு ஒரு நகரப் பகுதி முழுவதையும் கட்டியதில் ஐரோப்பாவின் முதல் முயற்சிகளில் ஒன்று இது. வெளியிலிருந்து மரம் தெரியாது, அதனால் கொர்ரெய்ரோஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் அகழாய்வு மையத்துக்கு முன்பதிவு செய்து போங்கள். ஈர மண்ணில் அடித்த மரத்தூண்களின் மேல் அந்த ஊர் நிற்பதும், அதற்கும் கீழே ரோமானிய மீன் தொட்டிகள் இருப்பதும் அங்கேதான் தெரியும்.

ரோசியு சதுக்கத்தின் பக்கம் சாவ் தொமிங்கோஸ் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். 1506 ஈஸ்டர் காலத்தில், மதம் மாற்றப்பட்ட யூதர்கள் மேல் நடந்த படுகொலை இங்கிருந்துதான் தொடங்கியது, வெளியே தாவீது நட்சத்திரம் பொறித்த நினைவுக்கல் இருக்கிறது. 1959-ல் உள்ளே தீப்பிடித்து வெடித்த தூண்களை இன்னும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அருகில் தேசிய நாடக அரங்கு நிற்கும் இடத்தில்தான் மத விசாரணை மன்றத்தின் அரண்மனை இருந்தது.

கார்மு மடத்துக்கு சாந்தா ஜுஸ்தா லிஃப்டில் வரிசை நிற்காதீர்கள். பைஷா-ஷியாது மெட்ரோ நிலையத்துக்குள் கீழ் வாசலில் நுழைந்து நகரும் படிகளில் ஏறி மேல் வாசலில் வெளியே வாருங்கள், டிக்கெட் வேண்டாம், மேடு முடிந்துவிடும். 1389-ல் தொடங்கிய அந்த மடத்தின் கூரை 1755-ல் விழுந்தது, நடுக்கூடம் இன்றும் வானத்தைப் பார்த்துத் திறந்தே கிடக்கிறது. வாசலில் உள்ள சின்னச் சதுக்கத்தை ஒட்டிய காவல் படை முகாமில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சியின் பிரதமர் கயேத்தானு சரணடைந்தார். நேரம் இருந்தால் சாவ் ரோக்கே தேவாலயம் வரை நடக்கலாம், ரோமில் செய்து கப்பலில் கொண்டுவந்த சிற்றாலயம் அங்கே இருக்கிறது, அன்றைய காலனி பிரேசிலின் தங்கம் என்ன செய்தது என்பதற்கு அதுவே போதும்.

மூன்றாம் நாள் ஆற்றோரமாக மேற்கே இருக்கும் பெலெம் பகுதி. நடக்க வேண்டாம், 15 எண் டிராமில் போங்கள். ஜெரோனிமோஸ் மடம் 1755-ல் பெரிதாகச் சேதமாகவில்லை, வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான். கடல்வழிப் பெருமை எல்லாம் அங்கே கொட்டிக் கிடக்கும், அடிமை வணிகம் மட்டும் கண்ணில் படாது. அதனால் ஊருக்குள் திரும்பியதும் போசு துஸ் நெக்ருஸ் (கறுப்பர்களின் கிணறு என்று பொருள்) தெருவுக்கும் போய்வாருங்கள், இறந்த அடிமைகளைப் போட ஒரு குழி தோண்டும்படி 1515-ல் மன்னர் மானுவேல் ஆணையிட்டதன் தடம் அந்தப் பெயரில் மட்டும் நிற்கிறது. நமக்கும் இந்த ஊரோடு ஒரு தொடர்பு உண்டு: தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட முதல் நூல், ஒரு கிறிஸ்தவ வேதபாடச் சிறுநூல், 1554-ல் லிஸ்பனில்தான் அச்சானது.

அழிந்த ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க இரண்டு இடங்கள்: வண்ணச் சுவர் ஓடுகளின் அருங்காட்சியகத்தில் 1700-ஐ ஒட்டித் தீட்டிய சுமார் 23 மீட்டர் நீள நகரக் காட்சி, பிமென்தா மாளிகையில் பழைய லிஸ்பனின் மாதிரி. திறந்திருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், கார்மு ஞாயிற்றுக்கிழமை மூடல், நவம்பர் 1 பொது விடுமுறை. மழை பெய்தால் அல்ஃபாமாவை அன்று விட்டுவிட்டு சாவ் ரோக்கேயும் பிமென்தா மாளிகையும் போங்கள். நாள் போதவில்லை என்றால் பெலெம் கோபுரத்தை விடுங்கள், பைஷாவின் நிலத்தடி மையத்தை விடாதீர்கள்.