60 ஆயிரத்துக்கு ஆறு பாட்டு: எழுதிக்கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் மூன்று பேர் சேர்ந்து சொந்தப் பாட்டு போடுகிறோம். நான் மெட்டமைத்துப் பாடுகிறேன். ஒருவர் வரிகள் எழுதுகிறார், இன்னொருவர் தவிலும் பறையும். ஆறு பாட்டு தயார். தெரிந்த ஸ்டூடியோக்காரர் காசு வாங்காமல் பதிவு செய்து கொடுத்தார். ஒரு பாட்டு, சேர்வராயன் மலைக் கிராமத்தில் ஒரு பாட்டியம்மா பாடிக் கேட்டது. மொபைலில் பிடித்த அவர் குரலையும் நடுவில் சேர்த்திருக்கிறோம். யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர் ஆறுக்கும் சேர்த்து 60,000 ரூபாய் தருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். ஸ்டூடியோக்காரரோ, "மாஸ்டர் (மூல ஒலிப்பதிவு) என்னுடையதுதானே" என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். அதற்காகப் பணத்தை வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். புதுக் குழுவுக்கு 60,000 சின்னத் தொகை இல்லை. அது எதற்கான விலை என்பதில்தான் வில்லங்கம்.

ஒப்பந்தத்தில் நீங்கள் கோடிட்டு அனுப்பிய வரி இது: "மேற்படி பாடல்களின் சகல உரிமைகளையும், உலகம் முழுவதற்கும், நிரந்தரமாக, தற்போதுள்ள மற்றும் இனி வரவிருக்கும் எல்லா ஊடகங்களுக்கும் எழுதிக்கொடுக்கிறோம்." ஏற்காட்டு எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகை ஒரு பருவத்துக்குக் குத்தகைக்கு விடுவார்கள், பறிக்க வருபவர் மரத்தை எழுதிக் கேட்பதில்லை. உங்களுக்கு வந்திருப்பது கிரயப் பத்திரம். ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு நிற்கும். வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் வாழ்நாளோடு மேலும் 60 ஆண்டு. பாட்டுக்குப் பத்தாயிரம் என்று வைத்து, ஒலிப்பதிவுக் காலத்தால் மட்டும் வகுத்தாலே ஆண்டுக்குச் சுமார் 167 ரூபாய்தான் வருகிறது.

உங்களிடம் இருக்கும் ஒரு பாட்டு, சட்டத்தின் கண்ணில் ஒரு சொத்து இல்லை. வரிகள் தனி, மெட்டு தனி, ஒலிப்பதிவு தனி. இதற்கு மேல், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு. அது 50 ஆண்டு. "சகல உரிமைகளும்" என்ற இரண்டு சொல் இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

முதலில் ஸ்டூடியோ விஷயத்தை முடியுங்கள். அது முடியாமல் சேனல்காரரிடம் நீங்கள் எதைக் கொடுத்தாலும் பிறகு தகராறுதான். ஒலிப்பதிவு செய்யும் முயற்சியும் பொறுப்பும் யாருடையதோ அவரே தயாரிப்பாளர், அவரே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டம். மைக்கும் கணினியும் யாருடையது என்பது கேள்வியே இல்லை. நீங்கள் காசு கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். இலவசம் என்பதால்தான் "நானும் முதலீடு செய்தேன்" என்று அவர் சொல்ல இடம் கிடைக்கிறது. ஓசியில் செய்த ரெக்கார்டிங்தான் பல குழுக்களை உடைக்கிறது.

அவருக்கு நியாயமான ஒரு தொகையை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள், அல்லது பாட்டின் வருமானத்தில் ஒரு சதவீதம் பேசுங்கள். பதிலுக்கு எழுத்தில் வாங்க வேண்டியது இது: ஆறு பாடல்களின் பெயர், இவை உங்கள் முயற்சியிலும் பொறுப்பிலும் பதிவானவை என்ற வாசகம், தமக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அதை "உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும்" உங்கள் மூவருக்கும் எழுதித் தருகிறார் என்பது, கொடுத்த தொகை, தேதி, கையெழுத்து. மேற்கோளுக்குள் இருப்பதை விட்டுவிடாதீர்கள். உரிமை மாற்றத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆறாவது ஆண்டு அவர் மறுபடி கதவைத் தட்டலாம். எழுதி வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் ஒரு விதி இருப்பதால், "அந்த ஓராண்டு விதி இதற்குப் பொருந்தாது" என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்றைக்கே கோப்புகளையும் வாங்கிவிடுங்கள்: 24 பிட் வேவ் மாஸ்டர், குரலும் தவிலும் கீபோர்டும் தனித்தனியாகப் பிரித்த ஸ்டெம்கள், குரல் இல்லாத டிராக், முழு செஷன் ஃபோல்டர். இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு வீட்டில். எம்பி3 மட்டும் கையில் இருந்தால் நாளைக்கு விளம்பரத்துக்கு ஒருவர் கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது.

அடுத்து உங்கள் மூவருக்குள். கூட்டுப் பட்டா மாதிரி, பங்கு எழுதாத வரை எல்லாருக்கும் எல்லாம் சொந்தம், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வரிகளும் மெட்டும் சேர்ந்த வருமானத்தில் எழுதியவருக்கு 50, மெட்டமைத்தவருக்கு 50 என்பது வழக்கம். தவில்காரர் மெட்டில் பங்கு கேட்டால், தாளக்கட்டை அவரே அமைத்தாரா, நீங்கள் சொன்னதை வாசித்தாரா என்று பாருங்கள். ஒலிப்பதிவு வருமானம் வேறு கணக்கு: முதலில் செலவு எடுப்பு, மீதி சம பங்கு என்றால் சண்டை குறைவு. ஒருவர் குழுவை விட்டுப் போனால் பழைய பாட்டில் பங்கு தொடருமா, குழுவின் பெயர் யாருக்கு என்பதையும் ஒரே தாளில் எழுதிவிடுங்கள். முத்திரைத்தாள் நல்லது, அதைவிட முக்கியம் மூன்று கையெழுத்து.

பாட்டியம்மா பாட்டுக்கு வருவோம். வழிவழியாக வந்த மெட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை. ஆனால் அவர் குரல் அவருடையது. அனுமதி இல்லாமல் அதை வைத்து வெளியிட்டால் அவருடைய நிகழ்த்துநர் உரிமையை மீறுகிறீர்கள். மலைக்குப் போய், பாட்டை அவருக்குப் போட்டுக்காட்டி, எங்கெல்லாம் வெளியாகும் என்று சொல்லி, தொகை கொடுத்து, சாட்சி வைத்துக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். வெளியீட்டில் பாடகர்களில் ஒருவராக அவர் பெயர் வரவேண்டும். இசை என்ற இடத்தில் "பாரம்பரியம்", இசைக்கோர்ப்பு என்ற இடத்தில் உங்கள் பெயர். முழு மெட்டும் உங்களுடையது என்று பதிந்தால், அதே பாட்டை வேறொருவர் பாடி ஏற்றும்போது உங்கள் பெயரில் அவருக்கு உரிமைக்கோரல் போகும். மலை ஊர்களில் அந்தப் பேச்சு சீக்கிரம் பரவும்.

இப்போது சேனல்காரர். அவருடைய வரியை அடித்துவிட்டு இதைக் கொடுங்கள்: "இந்த ஆறு ஒலிப்பதிவுகளையும் தங்களது யூடியூப் சேனலில் மட்டும், 3 ஆண்டுகளுக்கு வெளியிட உரிமம் அளிக்கிறோம். வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகியவற்றின் பதிப்புரிமை எங்களிடமே இருக்கும். கன்டென்ட் ஐடியில் இவற்றைப் பதியும் உரிமை எங்களுக்கு மட்டுமே." கடைசி வாக்கியம்தான் உயிர்நாடி. கன்டென்ட் ஐடி என்பது, பதிந்த பாட்டு வேறு எந்த வீடியோவில் வந்தாலும் தானாகக் கண்டுபிடித்து, பதிந்தவர் பெயரில் உரிமை கோரும் யூடியூப் ஏற்பாடு. அவர் தம் பெயரில் கன்டென்ட் ஐடியில் ஏற்றிவிட்டால், நீங்கள் உங்கள் சேனலில் உங்கள் பாட்டைப் போடும்போதே விளம்பரக் காசு அவருக்குப் போகும். அப்படி ஒரு கோரல் வந்தால் 5 நாளுக்குள் மறுத்துவிடுங்கள். முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம்.

இந்த நிபந்தனைக்கு 60,000 தரமாட்டார். 25,000, 30,000 என்று இறங்கலாம். குத்தகைக்கு அது பரவாயில்லை. முழுக் கிரயம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஆறையும் கொடுக்காமல் இரண்டை மட்டும், பாட்டுக்கு விலையைக் கூட்டிப் பேசுங்கள். மலைப்பாட்டு அந்த இரண்டில் இருக்கக்கூடாது. எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தமக்குள்ள சம பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்டாலும் அது செல்லாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை அவர்கள் எழுதிக்கொடுக்க முடியும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்: அந்த ஸ்டூடியோ காலத்துப் பாட்டுக்காரர்களுக்கு இந்தக் கவசம் கிடையாது. கூலி கொடுத்து எழுதவைத்த படத் தயாரிப்பாளருக்கே பாட்டு சொந்தம் என்று 1977-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

அந்த ராயல்டி தானாக வீடு தேடி வராது. பாட்டு எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கம் ஐபிஆர்எஸ். நீங்களும் வரி எழுதியவரும் அதில் தனித்தனியே உறுப்பினராக வேண்டும். பான், வங்கிக் கணக்கு, வெளியான பாட்டு விவரம் தேவை. சேர்ந்ததோடு நிற்காமல் ஒவ்வொரு பாட்டையும் பங்கு சதவீதத்தோடு பதியுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உறுப்பினராகும்போது சில உரிமைகளைச் சங்கத்துக்கு எழுதித் தருகிறீர்கள். ஆகவே எந்த ஒப்பந்தத்திலும் "ஐபிஆர்எஸ்-க்கு அளித்த உரிமைகள் இதில் அடங்கா" என்று சேர்க்க வேண்டும்.

ஸ்பாட்டிஃபை முதலிய தளங்களுக்கு டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோகஸ்தர் வழியாகத்தான் போக முடியும். சந்தா முறையில், சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடும். சிடி பேபியில் ஒருமுறைக் கட்டணம், பிறகு வருமானத்தில் 9%. ஆறு பாட்டுக்கு ஒருமுறைக் கட்டணமே தோது என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் கிடைக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்துவையுங்கள். விநியோகஸ்தரை மாற்றும்போது அதே எண், அதே ஆடியோ கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும். புதியது ஏறிய பிறகே பழையதை இறக்குங்கள்.

12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை காசு தருவதில்லை. ஆறையும் ஒரே நாளில் கொட்டினால் எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டாமல் போகலாம். ஆறு வாரத்துக்கு ஒன்றாக விடுங்கள், ஒவ்வொன்றையும் நான்கு வாரம் முன்னதாக ஏற்றுங்கள். அமெரிக்க நிறுவனங்கள் கேட்கும் டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பாமல் விட்டால் அங்கேயே வரி கூடுதலாகப் பிடிப்பார்கள்.

பதிப்புரிமையை அரசிடம் பதிவது கட்டாயம் இல்லை. பாட்டு உருவானதுமே உரிமை உண்டு. சான்று வேண்டுமென்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் மெட்டுக்கும் வரிக்கும் தலா 500, ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். ஆட்சேபத்துக்கு 30 நாள் விடுவார்கள். ஆறுக்கும் செய்தால் 18,000 ஆகிவிடும். மலைப்பாட்டின் ஒலிப்பதிவையும், உங்களுக்கே ஹிட் ஆகும் என்று படுகிற இன்னொன்றையும் மட்டும் இப்போது செய்தால் போதும்.

இவ்வளவும் மெதுவாக வரும் காசு. கைச்செலவுக்கு ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கச்சேரி, மே மாதம் ஏற்காடு கோடைக்காலம், கல்யாண மேடைகள். ரிசார்ட்டில் வாசிக்கும்போது அட்வான்ஸ் ரசீதிலேயே இரண்டு வரி போடுங்கள்: நிகழ்ச்சியைப் பதிவு செய்தால் 60 விநாடிக்கு மேல் எங்கள் அனுமதி இல்லாமல் வெளியிடக்கூடாது, பதிவின் ஒரு பிரதி எங்களுக்கு. அன்றைக்கு வாசித்த சொந்தப் பாட்டுகளின் பட்டியலை, இடம், தேதியோடு ஐபிஆர்எஸ்-க்கு அனுப்புங்கள்.