படகு இன்ஜின் சிலிண்டருக்குள் தண்ணீர்: கேள்வி பதில்

கே: ஒரு வாரமாகக் கட்டிக்கிடந்த படகு. செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரே சத்தம், இன்ஜின் சுற்றவில்லை. பேட்டரி புதுசு. நாலு சிலிண்டர் டீசல்.

ப: முதலில் பட்டனிலிருந்து கையை எடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. இன்னும் இரண்டு முறை அழுத்தினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். இன்ஜெக்டர்களை எல்லாம் கழற்றுங்கள். பெட்ரோல் இன்ஜின் என்றால் பிளக்குகளை. பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். எந்தத் துளையிலிருந்து தண்ணீர் வருகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். அவசரத்தில் எல்லாரும் துடைத்துப் போட்டுவிடுகிறார்கள். துப்பு அதில்தான் இருக்கிறது.

கே: மெக்கானிக் பார்த்தவுடனே "ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெட்டை இறக்கணும்" என்கிறார். இறக்கிவிடலாமா அண்ணே?

ப: கொஞ்சம் பொறுங்கள். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்; கேஸ்கெட் இரண்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு. வந்தது கடல் தண்ணீரா, கூலன்டா (இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் குளிர்விப்பு நீரா)? ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல் தண்ணீரால் கூலன்டைக் குளிர்விக்கும் பாகம்) உள்ள இன்ஜினில் கடல் தண்ணீர் ஹெட் பக்கமே போகாது. எக்ஸ்சேஞ்சரைக் கடந்து எக்ஸாஸ்ட் எல்போவில் (புகைக் குழாயின் வளைவில்) புகையோடு கலந்து வெளியே போய்விடும். ஆகவே சிலிண்டரில் உப்புத் தண்ணீர் இருந்தால் சந்தேகம் எல்போ மீதும் எக்ஸாஸ்ட் குழாய் மீதும்தான். டர்போ இன்ஜினில் காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலர் கடல் தண்ணீரில் ஓடினால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெட்டை இறக்கி, புது கேஸ்கெட் போட்டு ஏற்றிய மறுவாரமே அதே 'டக்' கேட்பது இப்படித்தான்.

நிறமும் வழவழப்பும் இருந்து, ஹெடர் டேங்கில் (கூலன்ட் ஊற்றும் தொட்டியில்) அளவும் குறைந்திருந்தால் கூலன்ட். அப்போது கேஸ்கெட், ஹெட் விரிசல், லைனர் (சிலிண்டரின் உள்குழாய்), கூலன்ட் சுற்றும் மேனிஃபோல்ட் (புகை வந்து சேரும் குழாய்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் மட்டும் தண்ணீர் என்றால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம்.

நேரடியாகக் கடல் தண்ணீரிலேயே குளிரும் இன்ஜினில் எங்கே ஒழுகினாலும் ஒரே தண்ணீர்தான். இந்தக் கணக்கு அங்கே செல்லாது.

கே: எங்களுடையது உப்புத் தண்ணீர்தான். எல்போவைப் போன வருடம்தான் மாற்றினோம், நன்றாகவே இருக்கிறது.

ப: அப்படியானால் எப்போது நுழைகிறது என்று பாருங்கள். இன்றைக்கு இன்ஜினை நிறுத்தியவுடன் சீ காக்கை (கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வை) மூடுங்கள். மறுநாள் சிலிண்டர் காய்ந்திருந்தால் கிட்டத்தட்ட விடை கிடைத்த மாதிரி: நின்ற இன்ஜினுக்குள் சைஃபன் முறையில், அதாவது ஹோஸ் வழியே தானாக இழுக்கப்பட்டு, தண்ணீர் இறங்குகிறது. பம்ப்பின் சுழலியான இம்பெல்லர் நின்றுவிட்டாலும் அதன் இறக்கைகளைத் தாண்டித் தண்ணீர் கசியும். எல்போவில் தண்ணீர் சேரும் இடம் கடல் மட்டத்துக்குக் கீழேயோ, மேலே 15 செ.மீ.க்கும் குறைவாகவோ இருந்தால் ஹோஸை உயரமாக வளைத்து, உச்சியில், காற்றை விட்டு அந்த இழுப்பை உடைக்கும் ஆன்டி சைஃபன் வால்வு வைக்க வேண்டும். ஏற்கனவே இருந்தால் கழற்றிக் கழுவுங்கள்; உப்புப் பூத்து அடைத்திருக்கும்.

இன்னொன்று. ஸ்டார்ட் ஆகாத இன்ஜினுக்கு விடாமல் செல்ஃப் அடித்தீர்களா? ஒவ்வொரு சுற்றுக்கும் பம்ப் தண்ணீரைத் தள்ளும், அதை வெளியே ஊதப் புகை இருக்காது. மஃப்ளர் நிரம்பித் தண்ணீர் சிலிண்டருக்கே திரும்பிவிடும். நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் சீ காக்கை மூடிக்கொள்ளுங்கள். இன்ஜின் பிடித்த கணமே திறக்க மறக்காதீர்கள்.

கே: கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) நாலிலும் சமமாக இருக்கிறது. கேஸ்கெட், ஹெட் எல்லாம் நல்லது என்று அர்த்தமா?

ப: இல்லை. மயிரிழை விரிசலில் ராத்திரி முழுக்கச் சொட்டும் தண்ணீர் கம்ப்ரஷன் கேஜில் தெரியவே தெரியாது. கூலன்ட் பக்கம் கைப்பம்ப் மாட்டி, ஹெடர் டேங்க் மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் ஏற்றி விட்டுவைத்து, முள் இறங்குகிறதா பாருங்கள். இன்ஜெக்டர் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டால் எந்தச் சுவர் ஈரம் என்றும் தெரியும். எதிர்ப்பக்கமாகவும் செய்யலாம்: பிஸ்டனை மேலே நிறுத்திச் சிலிண்டருக்குள் காற்றடித்தால் ஹெடர் டேங்கில் குமிழி வருகிறதா என்று பார்ப்பது.

கே: பெட்ரோல் வி8. ஒரு பக்கத்துக் கடைசிப் பிளக்கில் மட்டும் துரு.

ப: அந்தப் பக்கத்து ரைசர் (புகையோடு கடல் தண்ணீர் கலக்கும் எக்ஸாஸ்ட் பாகம்). கழற்றி உள்ளே பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஓடும் வார்ப்பிரும்பு ரைசர் சில வருடங்களில் தேய்ந்துபோகும் பொருள்தான். மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

கே: ஆயில் பால் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீரை எடுத்துவிட்டோம், ஓட்டலாமா?

ப: முதலில் ஆயில் கூலரையும் சோதியுங்கள், அதுவும் இப்படிச் செய்யும். ராடு வளைந்ததா என்று அறிய ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது எவ்வளவு உயரம் என்று அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் ஓட்டவே வேண்டாம். சரியாக இருந்தால் சிலிண்டருக்குள் ஆயில் விட்டுச் சுற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அன்றைக்கே ஸ்டார்ட் செய்து சூடேறும்வரை ஓட்டுங்கள். மறுபடி மாற்றுங்கள். வெண்மை போகும்வரை திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியதுதான். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உப்பு ரிங்குகளைத் துருவால் ஒட்டவைத்துவிடும்.