பிலிப்பைன்ஸில் குடியிருக்கும் வெளிநாட்டவருக்கு அந்த நாட்டுப் பாரம்பரியச் சாப்பாடு உண்மையிலேயே பிடிக்கிறதா?

பிடிக்கிறது. ஆனால் நாலு நாள் சுற்றிப் பார்க்க வருபவர் கண்ணில் படுவது பெரும்பாலும் பொரித்த கோழியும் இனிப்பான ஸ்பெகட்டியும்தான். நான் மணிலாவில் வசிப்பவன். நல்ல பழைய சமையல் இங்கே வீடுகளிலும், கரிந்தெரியா என்னும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளிலும்தான் இருக்கிறது.

அந்தச் சமையலுக்கு உயிர் புளிப்பு. சினிகாங் என்ற புளிக் குழம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். புளியங்காயை வேகவைத்து, மசித்து, வடிகட்டிய நீரில் பன்றி இறைச்சியோ இறாலோ சேர்ப்பார்கள். முள்ளங்கி, காராமணி, கடைசியில் வள்ளைக்கீரை. கூடவே போடும் சேப்பங்கிழங்கு பாதி கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். தாளிப்பும் இல்லை, மசாலாத் தூளும் இல்லை. முழுசாக மிதக்கும் பச்சை மிளகாயைப் பாத்திஸ் என்ற மீன் சாற்றில் நசுக்கித் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான். ரசம் குடித்து வளர்ந்த நாக்குக்கு இது சட்டென்று பிடிபடும்.

அடோபோ என்ற இறைச்சிக் குழம்பு இங்கே எல்லாருக்கும் தெரிந்தது: வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை. மறுநாள் இன்னும் ருசி.

காரம் வேண்டுமென்றால் பிக்கோல் பகுதிச் சமையல். அங்கே லைங் செய்யும்போது, காய்ந்த சேம்பு இலை தேங்காய்ப்பாலில் நன்றாக வேகும்வரை கரண்டி போட விடமாட்டார்கள். கிளறினால் தொண்டை அரிக்குமாம்!

சைவர்கள் மட்டும் கவனம். காய்கறிக் கூட்டு மாதிரி தெரியும் பினாக்பெட்டில்கூட பகோவோங் என்ற மீன் அல்லது இறால் விழுது இருக்கும். கேட்டுவிட்டே வாங்குங்கள்.