மகள் கேட்கும் இரண்டாவது கேமரா: செந்தூல் தாய் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

மகள் ஒரு கேமரா கேட்டாலாவது புரியும், ஒரே மாதிரி இரண்டு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காக இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாமா, கணக்கியல் டிப்ளோமாவைப் பாதியில் நிறுத்திவிட்டு முழுநேரமாகக் கல்யாணப் படம் எடுக்கப் போகிறேன் என்கிறாரே, விடலாமா என்பதும் உங்கள் கவலை. முதலில் கேமராவைப் பேசிவிடுவோம். அது தெளிந்தால் பணத்தையும் படிப்பையும் பற்றி நீங்களே பாதி முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

இரண்டு கேட்டது ஆடம்பரம் இல்லை. சொல்லப்போனால், உங்கள் மகள் இந்தத் தொழிலை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்பதற்கு அதுதான் எனக்குக் கிடைத்த முதல் அடையாளம். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவரின் கேமரா நின்றுவிட்டால் வருத்தம் அவரோடு போய்விடும். காசு வாங்கிக்கொண்டு மணவறை முன் நிற்பவருக்கு அப்படி இல்லை. கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறும் நேரம் சில விநாடிகள்தான். ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டுப் படம் பதிய வைக்கும் திரை) அந்த நேரத்தில் மக்கர் செய்தால் மாப்பிள்ளையிடம் இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. அதனால்தான் கல்யாணத்துக்குப் போகும் எந்தத் தொழில்முறைப் படக்காரரும் ஒரே பாடியோடு போக மாட்டார். லென்ஸ் மாட்டும் கேமரா உடலைத்தான் பாடி என்கிறோம்.

இன்னொரு காரணம் அன்றாடம் உதவுவது. ஒரு தோளில் அகலமாக எடுக்கும் 24-70 லென்ஸ் போட்ட பாடி, மறு தோளில் தூரத்தில் இருப்பதை எடுக்கும் 70-200. மேடை முழுவதையும் எடுத்துவிட்டு அடுத்த நொடியே பெண்ணின் அம்மா கண் துடைப்பதைத் தூரத்திலிருந்து எடுக்கலாம். ஒரே பாடி என்றால் லென்ஸைக் கழற்றி மாட்ட வேண்டும். அதற்குள் அவர் கண்ணைத் துடைத்து முடித்திருப்பார். அதோடு நம் கல்யாணத்தில் லென்ஸ் மாற்றுவது கேமராவுக்கே ஆகாத வேலை. ஹோமப் புகை, குங்குமம், பறந்து வரும் மஞ்சள் அரிசி எல்லாம் இருக்கும் இடத்தில் பாடியைத் திறந்து வைத்தால் தூசு நேராக, படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் போய் உட்காரும். பிறகு எடுக்கும் படங்களில் கறுப்புப் புள்ளி விழலாம்.

சரி, ஏன் ஒரே மாதிரி இரண்டு? ஒன்று நல்லதாகவும் மற்றது மலிவாகவும் இருந்தால் போதாதா என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். கேனானையே எடுத்துக்கொள்வோம். 2020இல் வந்த ஆர்6, 2022 இறுதியில் வந்த ஆர்6 மார்க் 2. இரண்டும் அண்ணன் தம்பி. ஒரே வகை பேட்டரி, ஒரே வகை எஸ்டி கார்டு, இரண்டிலும் இரண்டு கார்டு துளை. ஆனால் ஆர்6இல் கேமராவை ஆன் செய்யும் விசை இடப்பக்கம் இருக்கிறது. மார்க் 2இல் அதை வலப்பக்கம் கொண்டுபோய்விட்டு, இடப்பக்கத்தில் படத்துக்கும் வீடியோவுக்கும் மாறும் விசையை வைத்துவிட்டார்கள். பழக்கத்தில் இடது கை அதைத் தட்டினால் கேமரா வீடியோவுக்குப் போய்விடும். கடையில் பார்க்கும்போது இது ஒரு விஷயமாகவே தெரியாது. காலை நான்கு மணிக்கு எழுந்து பெண் வீட்டுக்கும் கோயிலுக்கும் ஓடிக் களைத்த பிறகு, கை யோசிக்காமல் வேலை செய்ய வேண்டிய நேரத்தில்தான் தெரியும். இந்த ஜோடியை வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்ல ஜோடிதான். ஒரு வாரம் இரண்டையும் கையில் வைத்துப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்6 மார்க் 2க்குத் துணையாக மலிவான ஆர்8ஐப் பலர் பரிந்துரைப்பார்கள். இரண்டிலும் 24.2 மெகாபிக்ஸல், நிறமும் நன்றாக ஒத்துப்போகும். ஆனால் ஆர்8இல் ஒரே கார்டு துளை, சிறிய வேறு வகை பேட்டரி, பாடிக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியும் இல்லை. கல்யாண வேலைக்கு என்னைக் கேட்டால் ஒரே துளை உள்ள பாடி வேண்டாம் என்பேன். இரண்டு துளை இருந்தால் ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதிவாகும்படி வைக்கலாம். ஒரு கார்டு பழுதானாலும் கல்யாணம் பத்திரம். நிக்கான் 2018இல் வெளியிட்ட இசட்6க்கு ஒரே துளைதான் வைத்தது, அதற்காகப் படக்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. 2020இல் வந்த இசட்6 மார்க் 2இல் இரண்டாக்கிவிட்டது.

சோனி பக்கம் போனால் 2018இன் ஏ7 மார்க் 3 இன்றும் உழைக்கிறது. இரண்டு மார்க் 3 வாங்குவது, ஒரு மார்க் 3ஐயும் ஒரு மார்க் 4ஐயும் கலப்பதைவிட எளிது. மார்க் 4க்கு 33 மெகாபிக்ஸல், மெனுவும் வேறு மாதிரி. இரண்டின் படங்களையும் ஒரே ஆல்பத்தில் சேர்க்கும்போது தோலின் நிறத்தைச் சமன் செய்யக் கூடுதல் நேரம் போகும். நம் ஆட்களின் மாநிறத்தைப் பட்டுப்புடவைச் சிவப்புக்கும் மண்டபத்து மஞ்சள் விளக்குக்கும் நடுவில் சரியாகக் கொண்டுவருவது ஏற்கனவே பெரிய வேலை.

எந்தக் கம்பெனி என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மகள் இப்போது வார இறுதியில் எந்தப் படக்காரரிடம் உதவிக்குப் போகிறாரோ, அந்தப் படக்காரர் வைத்திருக்கும் கம்பெனியே மகளுக்கும் நல்லது. அவசரத்துக்கு லென்ஸும் பேட்டரியும் மாற்றிக்கொள்ளலாம்.

இனி பணம். கல்யாண வேலைக்கு ஏற்ற இரண்டு புதிய பாடியும், மங்கிய வெளிச்சத்திலும் எடுக்க உதவும் எஃப் 2.8 லென்ஸ் இரண்டும் சேர்த்துப் பாருங்கள், முப்பதாயிரம் வெள்ளியைத் தாண்டிவிடலாம். அதற்கு மேல் ஃபிளாஷ் இரண்டு, உபரி பேட்டரி, கார்டுகள், படங்களைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க், ஈரம் புகாத டிரை கேபினட். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸை அலமாரியில் வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு அதை விற்கவும் முடியாது.

இபிஎஃப் மூன்றாம் கணக்கு, அதாவது நெகிழ்வுக் கணக்கு, 2024 மே மாதம் வந்ததிலிருந்து எந்த நேரமும் பணம் எடுக்கலாம் என்றாகிவிட்டது. எடுக்க முடிவதால் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் ஓய்வுகாலப் பணத்தில் இரண்டு பாடியையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். இரண்டாவது பாடி தேவை என்று நானே இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் தடுக்கிறேன் என்றால், அது தேவைப்படுவது அவர் தனியாகப் பொறுப்பேற்கும் முதல் கல்யாணத்தன்றுதான். இன்று அவர் செகண்ட் ஷூட்டராக, அதாவது முதல் படக்காரருக்குத் துணையாகப் போகிறார். அந்தக் கல்யாணத்துக்குப் பொறுப்பு முதல் படக்காரருடையது, உபரி பாடியும் அவரிடம் இருக்கும். ஆகவே இப்போது இரண்டு துளை உள்ள ஒரு பாடி, ஒரு 24-70, ஒரு ஃபிளாஷ். இவற்றுக்கே பணத்தைச் செலவிடுங்கள். தனி வேலை வந்தால் இரண்டாவதை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம், வாடகையை வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம். வாடகை அடிக்கடி போக ஆரம்பித்தால் அப்போது அதே மாடலில் இன்னொன்றை, முடிந்தால் பழையதாக வாங்கட்டும். பாடி சீக்கிரம் விலை இறங்கும், நல்ல லென்ஸ் அவ்வளவு இறங்காது. காத்திருப்பதில் நஷ்டம் இல்லை.

பழையது என்றால் புடு பிளாசாவில் கேமராக் கடைகள் இருக்கின்றன, மகளோடு நீங்களும் ஒரு நடை போய் வாருங்கள். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேட்க வேண்டும். ஏ7 மார்க் 3இன் ஷட்டரை 2 லட்சம் தடவைக்குச் சோதித்திருப்பதாக சோனி சொல்கிறது. அந்த எண்ணிக்கையை நெருங்கிய பாடியை விலை குறைவு என்று வாங்கக் கூடாது. லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப் 16இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசும் கறையும் தெரிந்துவிடும். கார்டு துளை இரண்டிலும் கார்டு போட்டுப் பார்க்க வேண்டும். புதியது வாங்கினாலும் மலேசிய உத்தரவாதம் உள்ள செட்டா, இறக்குமதி செட்டா என்று கேளுங்கள். பின்னது மலிவாக இருக்கும், ஆனால் பழுதானால் கம்பெனியின் உள்ளூர் சர்வீஸ் மையத்தில் உத்தரவாதம் செல்லாது, விற்ற கடையைத்தான் நம்பி நிற்க வேண்டும்.

உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். கற்றுக்கொள்ள அது போதும். 2014இன் நிக்கான் டி750க்குக்கூட இரண்டு எஸ்டி துளை உண்டு. ஆனால் கேனானும் நிக்கானும் தொழில்முறை டிஎஸ்எல்ஆரில் கடைசியாகப் புதிய மாடல் விட்டது 2020இல். இருபது வயதில் தொழில் தொடங்குபவர் அதில் பெரிய முதலீடு செய்வதை நான் விரும்ப மாட்டேன்.

படிப்புக்கு வருகிறேன். டிப்ளோமாவை விடக் கூடாது. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. பாதியில் நின்றாலும் பிடிபிடிஎன் கல்விக் கடன் நிற்காது, சான்றிதழ் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சும். இன்னும் ஓராண்டுதான் பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு தனியாகத் தொழில் செய்யும் படக்காரருக்குக் கணக்கியல் வீண் படிப்பும் இல்லை. இந்தத் துறையில் நான் பார்க்கும் சிக்கல் படம் எடுக்கத் தெரியாதது அல்ல, விலை போடத் தெரியாதது. ஒரு கல்யாணத்துக்கு மண்டபத்தில் நிற்பது ஒரு நாள், கணினி முன் உட்கார்ந்து படம் பொறுக்கித் திருத்துவது பல நாள். அந்தப் பல நாளைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்லிவிட்டு, கேமரா தேய்மானத்தையும் மறந்துவிட்டு, ஆண்டு முடிவில் கையில் ஏன் காசு இல்லை என்று திகைக்கிறார்கள். தேய்மானம் என்றால் என்ன என்று உங்கள் மகளுக்கு வகுப்பிலேயே சொல்லித் தந்திருப்பார்கள்.

வருமானம் மாதாமாதம் ஒரே சீராக வராது. ஆடியிலும் மார்கழியிலும் நம் கல்யாணங்கள் இல்லை, புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். அந்த மாதங்களில் பிறந்தநாள், பட்டமளிப்பு, நிறுவன நிகழ்ச்சி என்று வேறு வேலை பார்க்க வேண்டும். சீனர், மலாய்க்காரர் கல்யாணங்களுக்கும் போகப் பழகினால் இந்த இடைவெளி குறையும். நீங்கள் கவலைப்படும் ஒரு விஷயம், பெண் பிள்ளை என்பது, இங்கே கொஞ்சம் சாதகமும்கூட. மணப்பெண் அலங்காரம் நடக்கும் அறைக்குள் பெண் படக்காரர் நின்றால் பெண் வீட்டார் நிம்மதியாக இருக்கிறார்கள், அதற்காகவே தேடி அழைப்பவர்களும் உண்டு. இரவு வரவேற்பு முடிந்து தனியாக வருவது பற்றிய உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. வண்டி ஏற்பாடு இல்லாத வேலையை ஒப்புக்கொள்வதில்லை என்று இப்போதே ஒரு விதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தனியாகக் காசு வாங்கத் தொடங்கியதும் எஸ்எஸ்எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவு செய்யட்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சுயதொழில் காப்புறுதியும் இபிஎஃப்-இன் ஐ-சாரான் சேமிப்புத் திட்டமும் முதலாளி இல்லாதவர்களுக்காகவே இருப்பவை. பின்னாளில் இரண்டாவது பாடிக்குக் கடன் தேவைப்பட்டால், இந்தியத் தொழில்முனைவோருக்குத் தெக்குன் எனும் அரசுக் கடன் நிறுவனம் வழியாகக் கிடைக்கும் ஸ்பூமி கடனைக் கேட்டுப் பார்க்கலாம். கிரெடிட் கார்டில் தவணை போடுவதைவிட அது மேல்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. அடுத்த தைப்பூசத்துக்கு இரண்டு பாடியை வாடகைக்கு எடுத்து, ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவதிலிருந்து பத்துமலையில் பொழுது விடியும்வரை படம் எடுக்கட்டும். இரண்டு பாடியும் 24-70, 70-200 லென்ஸ்களும் சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்டும், ஃபிளாஷ் தனி. அந்தப் பாரத்தோடு 272 படி ஏறினால் தோள் என்ன சொல்கிறது என்று தெரியும். எல்இடி விளக்கின் கீழ் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் படத்தில் ஏன் பட்டை பட்டையாக விழுகிறது என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். கிளம்பும் முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படங்களை வரிசைப்படுத்தும்போது ரதம் கோயிலை விட்டுக் கிளம்பும் முன்பே பத்துமலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்த முறை இருவரும் சேர்ந்து வாருங்கள். அவர் இதுவரை செகண்ட் ஷூட்டராகச் சம்பாதித்தது எவ்வளவு, படம் திருத்தச் செலவானது எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரட்டும். அதை வைத்துக்கொண்டு முதல் பாடிக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.