திரை கறுத்தால் கடைக்கு ஓட வேண்டாம்

2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நின்றதில் இருந்து, பழைய லெப்டொப்பைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். வந்த வேகத்தில் பலர் முட்டிக்கொள்வது கிராபிக்ஸ் டிரைவரில், அதாவது திரைக்குப் படம் வரைகிற காட்டை இயக்கும் மென்பொருளில். இந்த முறை எடுத்துக்கொண்ட நான்கு கேள்விகளும் அதைப் பற்றியவைதான்.

கேள்வி: மாமா தந்த பழைய லெப்டொப்பில் என்விடியா காட் இருக்கிறது. பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் போட்டு ஓட விட்டேன். மின்ட் சின்னம் வருகிறது, பிறகு திரை கறுத்துவிடுகிறது. மூன்று தரம் செய்தும் அதே கதை. கடையில் காட்டினால் டிஸ்பிளே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– உயர்தர மாணவன், செங்கலடி

பதில்: தம்பி, டிஸ்பிளே போயிருந்தால் மின்ட் சின்னம் எதில் தெரிந்தது? காசைக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை திரை கறுத்ததும் கீபோட்டில் கெப்ஸ் லொக்கை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, உங்களுக்குப் படம் காட்டத்தான் தெரியாமல் நிற்கிறது.

நடப்பது இதுதான். கணினி எழும்பும்போது திரையைப் பிடித்து வைத்திருப்பது மதர்போட்டில் உள்ள சின்ன மென்பொருள். மின்ட் சின்னம் தெரிவது அதன் தயவில். சில விநாடிகளில் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் திரையைத் தன் கைக்கு எடுத்து, காட்டுக்குரிய டிரைவரை ஏற்றுகிறது. என்விடியாவுக்கு மின்ட் முதலில் ஏற்றுவது நூவோ என்ற திறந்த மூல டிரைவர். அந்த நிறுவனம் பல வருடங்களாகக் காட்டின் உள் விபரங்களை வெளியே விடாததால், தன்னார்வலர்கள் காட் நடந்துகொள்ளும் விதத்தைத் துருவிப் பார்த்தே அதை எழுதினார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012 இல் பின்லாந்தில் ஒரு மேடையில் என்விடியாவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியதும் இந்தக் கடுப்பில்தான். 2022 இல் நிறுவனம் கேர்னல் பக்கத்து மூலநிரலை வெளியிட்டது, ஆனால் அது புதிய காட்டுகளுக்கு. மாமாவின் லெப்டொப்புக்கு அதனால் பலனில்லை.

ஆகவே கேர்னலிடம் “திரையைத் தொடாதே, இருக்கிறபடி விடு” என்று சொல்ல வேண்டும். நான் கல்லடிக்காரன் என்பதால் எனக்கு வருகிற உதாரணம் பாலம். 2013 இல் திறந்த புதிய பாலத்துக்கு முன்பு 1924 ஆம் ஆண்டுப் பாலம்தான் எங்களுக்கு வழி. ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை மறுபக்கம் காத்து நிற்போம். மெதுவான வழி, ஆனாலும் அக்கரை சேர்ந்துவிடுவோம். டிரைவர் சரியாகும்வரை நீங்களும் அந்தப் பழைய பாலத்தால் போகலாம்.

பென் டிரைவில் இருந்து எழும்பும்போது வரும் பட்டியலில் “கொம்பெட்டிபிலிட்டி மோட்” என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைத் தெரிவுசெய்து பாருங்கள். இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவில் அதே வேலைக்கு “சேஃப் கிராபிக்ஸ்” என்ற வரி. அது சரிவராவிட்டால் முதல் வரியில் நின்று ‘ஈ’ எழுத்தை அழுத்துங்கள். நாலைந்து வரிகள் தெரியும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசிப் பக்கமாக ‘குவயட் ஸ்ப்ளாஷ்’ என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். அவற்றுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று தட்டுங்கள். நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒட்டி, எல்லாம் சிறிய எழுத்தில். போனில் சொல்லிக் கொடுக்கும்போது பாதிப் பேர் நடுவில் இடைவெளி விட்டுவிட்டுத் திரும்ப எனக்கே எடுக்கிறார்கள். அப்புறம் எஃப் 10. திரை வரும், எழுத்துகள் கொஞ்சம் பெரிதாகவும் அவலட்சணமாகவும் இருக்கும். பரவாயில்லை, நிறுவி முடியுங்கள்.

இனித்தான் கவனம். நிறுவிய பிறகு முதல் தடவை எழும்பும்போது திரை மறுபடி கறுக்கலாம். நீங்கள் தட்டிய சொல் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே. இது தெரியாமல் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் நிறுவிக் களைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எழும்பும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள், அல்லது எஸ்கேப்பை ஒரு தரம் தட்டுங்கள். அதே பட்டியல் வரும், அதே சொல்லைத் தட்டி உள்ளே போங்கள். வை-ஃபை இல்லாவிட்டால் போனை யூ.எஸ்.பி கேபிளால் இணைத்து ‘டெதரிங்’ போட்டால் டேட்டா வந்துவிடும். மெனுவில் ‘டிரைவர் மெனேஜர்’ திறந்து, ‘ரெக்கமெண்டட்’ என்று காட்டுவதைத் தெரிவுசெய்து, ரீஸ்டார்ட் பண்ணுங்கள். புதிய பாலம் திறந்துவிடும்.

கேள்வி: என் லெப்டொப்பில் விண்டோஸுடன் மின்ட்டும் போட்டேன். என்விடியா டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனபோது நீல நிறத் திரை ஒன்று வந்தது. பயத்தில் ‘கன்டினியூ’ கொடுத்துவிட்டேன். இப்போது லெப்டொப்பில் படம் வருகிறது, வகுப்பறைப் புரொஜெக்டரில் வருவதில்லை.
– ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: ரீச்சர், அந்த நீலத் திரை உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வந்தது. உங்கள் கணினியில் ‘செக்கியுர் பூட்’ போட்டிருக்கிறது. நம்பிக்கைச் சாவியால் ஒப்பமிடாத எதையும் கேர்னல் ஏற்றாது. டிரைவருக்கென்று மின்ட் ஒரு சாவியைச் செய்து, அதை ஏற்கிறீர்களா என்று கேட்டது. நீங்கள் ‘கன்டினியூ’ கொடுத்ததால் டிரைவர் வாசலிலேயே நிற்கிறது. பல லெப்டொப்புகளில் எச்.டி.எம்.ஐ துவாரம் நேரே என்விடியா காட்டோடுதான் இணைந்திருக்கும், திரை மட்டும் இன்டெல்லில் ஓடும். புரொஜெக்டர் மட்டும் இருண்டு கிடப்பது இதனால்தான்.

‘மொக்’ எனப்படும் அந்தச் சாவியை மறுபடி நீட்ட வேண்டும். கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில், நிர்வாகி அனுமதிக்கான ‘சூடோ’ போட்டு, ‘மொக்யூட்டில்’ கட்டளையை ‘இம்போர்ட்’ தெரிவுடன் கொடுத்து, வார், லிப், ஷிம்-சைன்ட், மொக் என்ற கோப்புறைகளின் உள்ளே இருக்கும் ‘மொக் டெர்’ கோப்பைக் காட்டுங்கள். ஒரு கடவுச்சொல் கேட்கும். இது ஒரு தடவைக்குத்தான், சாதாரண எழுத்தும் இலக்கமுமாக வையுங்கள். ரீஸ்டார்ட் பண்ணிவிட்டுத் தேநீர் போட எழும்ப வேண்டாம், நீலத் திரை 10 விநாடிதான் காத்திருக்கும். ஏதாவது விசையை அழுத்தி ‘என்ரோல் மொக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’, கடவுச்சொல், ‘ரீபூட்’. முடிந்தது.

செக்கியுர் பூட்டையே நிறுத்திவிடு என்று யாராவது சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் உங்கள் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அடுத்த முறை அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவி கையில் இல்லாமல் அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: ஏ.எம்.டியின் ரைசன் புரொசெசர் உள்ள லெப்டொப் வாங்கினேன். ஏ.எம்.டி தளத்தில் எந்த லினக்ஸ் டிரைவரை இறக்க வேண்டும்?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: ஒன்றும் வேண்டாம். ஏ.எம்.டிக்கும் இன்டெல்லுக்கும் டிரைவர் கேர்னலுக்குள்ளேயே வருகிறது. லெப்டொப் மிகப் புதியது, மின்ட் பழைய பதிப்பு என்றால் மட்டும் கேர்னலைப் புதுப்பியுங்கள். படம் இழுபட்டு ஓடினால் டெர்மினலில் ஐ, என், எக்ஸ், ஐ என்று சேர்த்துத் தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் பெரிய ஜியும் போடுங்கள். வருகிற பதிலில் ‘எல்.எல்.வி.எம் பைப்’ என்று கண்டால் காட் சும்மா இருக்கிறது, படம் வரைவது புரொசெசர். யாரோ சொன்னார்கள் என்று ‘நோமோட்செட்’டை நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதை எடுத்தால் சரி.

கேள்வி: ஜி.டி. 710 காட்டுக்கு என்விடியா தளத்தில் இருந்து 470 டிரைவரை இறக்கி நானே நிறுவினேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. நேற்று அப்டேட் செய்த பிறகு கறுத்த திரை.
– ஓய்வுபெற்றவர், திருக்கோவில்

பதில்: ஐயா, எண் சரி. கெப்லர் தலைமுறைக் காட்டுகளுக்கு 470தான் கடைசி வரிசை. பிழை நிறுவிய விதத்தில். தளத்தில் இருந்து எடுத்த டிரைவர், அன்றைக்கு இருந்த கேர்னலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அப்டேட்டில் கேர்னல் மாறியது, சட்டை பொருந்தவில்லை. டிரைவர் மெனேஜரால் வாங்கினால், கேர்னல் மாறும்போதெல்லாம் பின்னணியில் அதுவே திரும்பத் தைத்துக்கொள்ளும்.

இதை வலு நிதானமாகச் சொல்கிறேனே தவிர, நானும் இதே வேலையைச் செய்தவன்தான். ஒரு வாடிக்கையாளரின் கணினியில், அவர் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போதே. திரை கறுத்ததும் “இது வழமைதான்” என்று சிரித்துவிட்டு, இரவு பன்னிரண்டு மணிவரை இருந்து சரிக்கட்டினேன்.

எழும்பும்போது பட்டியலை வரவழைத்து, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ உள்ளே பழைய கேர்னலைத் தெரிவுசெய்யுங்கள். திரை வந்துவிடும். டெர்மினலில் ‘சூடோ’வுடன் ‘என்விடியா-அன்இன்ஸ்டோல்’ ஓட்டி அந்த டிரைவரைக் கழற்றுங்கள், ரீஸ்டார்ட் பண்ணுங்கள், பிறகு டிரைவர் மெனேஜரில் 470ஐத் தெரிவுசெய்யுங்கள். முடிந்த கையோடு டவுன்லோட்ஸில் கிடக்கும் அந்தக் கோப்பையும் அழித்துவிடுங்கள் ஐயா. இருந்தால் கை சும்மா இருக்காது.