யாழ்ப்பாணத்தில் தமிழ் மொழி, இலக்கியத்துக்கென்று நூதனசாலை உண்டா?

அந்தப் பெயர்ப்பலகையைத் தேடி அலைய வேண்டாம். வேறு வழியில் பார்க்கலாம். முதலில் பொது நூலகம். 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. இன்று நிற்பது திருத்திக் கட்டிய கட்டடம். வெள்ளைச் சுவரைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், உள்ளே போகும் நேரத்தை வாசலில் விசாரியுங்கள். அப்புறம் நாவலர் வீதித் தொல்லியல் நூதனசாலை. சின்னதுதான், இலக்கியமும் குறைவு. கந்தரோடை என்ற பழைய தொல்லியல் தளத்தில் கிடைத்த பொருள்களுக்காகப் போகலாம்.

எனக்குப் பிடித்தது வண்ணார்பண்ணை. ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது அங்கேதான். அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்தார். ஓலையில் கிடந்த தமிழ் புத்தகமாக மாறிய கதையில் இந்தத் தெருக்களுக்கும் பங்குண்டு. சரி, வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள்.