ஒரே சாம்பலாக வரும் படங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பயணங்களில் ரிக்கோ ஜிஆர் 3 காம்பேக்ட் கேமரா மட்டும்தான் கையில். மோனோக்ரோமில் (கறுப்பு வெள்ளையில்) வைத்துத் தெருக்களை எடுக்கிறேன். ஆள் சரியான இடத்துக்கு வரும் நேரம் பார்த்து ஃபோகஸ் பின்னாலுள்ள சுவரைப் பிடித்துக்கொள்கிறது. தப்பிப் பிழைத்த படங்களிலும் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, ஒரே சாம்பல். கறுப்பு வெள்ளைக்கென்றே செய்த கேமரா வாங்கினால் தீருமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தீராது. உங்கள் இரண்டு தொல்லைகளும் கேமராவால் வருபவை அல்ல.

முதலில் ஃபோகஸ். தெருவில் ஆட்டோஃபோகஸை நம்பாதீர்கள். உங்கள் கேமராவில் ஸ்னாப் ஃபோகஸ் இருக்கிறது; ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி அது. தூரத்தை 2 மீட்டர் என்று வைத்து, ஃபுல் பிரஸ் ஸ்னாப்பையும் போட்டுவிடுங்கள். பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் லென்ஸ் எதையும் தேடாமல் அந்தத் தூரத்துக்கே போய்விடும். லென்ஸின் திறப்பு (எண் கூடினால் திறப்பு சுருங்கும்) எஃப் 8 என்றால் ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து தெருக்கோடிவரை தெளிவாக விழும். எஃப் 5.6-ல் அது 1.2 முதல் 6 மீட்டர்வரை சுருங்கும். இரவில் எஃப் 2.8-க்குத் திறந்தால் மிஞ்சுவது 1.5 முதல் 3 மீட்டர்தான். பகலில் பழகிய கை இரவில் சறுக்குவது இங்கேதான்.

2 மீட்டரைக் கண்ணால் அளக்க ஒரு வழி: கேமராவைக் கிடைமட்டமாகப் பிடிக்கும்போது நிற்கும் ஆள் தலையிலிருந்து கணுக்கால்வரை படத்தின் உயரத்தை நிரப்பினால் அதுதான் 2 மீட்டர். அதைவிடச் சின்னதாகத் தெரிந்தால் இன்னும் நெருங்கிப் போக வேண்டும். உங்கள் லென்ஸின் 28 மி.மீ. அகலக் கோணத்தில் தூர நின்று எடுத்த ஆள் எறும்புதான்.

எம் மோடில் (அமைப்புகளை நாமே வைக்கும் முறை) எஃப் 8, ஷட்டர் 1/500 நொடி வைத்து ஐஎஸ்ஓ-வை (ஒளியுணர்வை) மட்டும் ஆட்டோவில், 6400 உச்சவரம்போடு விடுங்கள். நடப்பவரை நின்று எடுக்க 1/250 போதும். நீங்களும் நடந்தால் 1/500 வேண்டும். உச்சிவெயிலில் ஐஎஸ்ஓ 100-க்குக் கீழே இறங்க முடியாமல் படம் வெளுக்கலாம். அப்போது 1/1000-க்குப் போங்கள்.

இனி சாம்பல். சிவப்புச் சேலையும் பச்சை இலையும் கண்ணுக்கு எதிரும் புதிரும். வெளிச்சத்தின் அளவு ஒன்றாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல். நிறத்தைப் பார்த்துப் பட்டனை அழுத்துகிறவருக்கு இதுதான் கிடைக்கும். மேகமூட்டத்திலும் முழு நிழலிலும் தெருவே ஒரே தொனியில் கிடக்கும். வெயில் பக்கவாட்டில் விழும் சுவர், அதையொட்டி நிழல், இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு. இப்படி ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆள் வரும்வரை காத்திருங்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) −0.7, எதிர்வெயில் என்றால் −1.3. வெள்ளைச் சட்டை வெளிச்சம் மிகுந்து வெறும் வெள்ளையாகிவிட்டால் ரா கோப்பிலிருந்தும் (கேமரா பதிந்த தகவல் அப்படியே இருக்கும் கோப்பு) திரும்பாது, இருட்டைத் தூக்கிவிடலாம்.

ராவும் ஜேபெக்கும் சேர்த்தே பதியுங்கள். திரை கறுப்பு வெள்ளையில் காட்டும், ராவில் நிறம் பத்திரமாக இருக்கும். வெறும் மோனோக்ரோம் ஜேபெக் எடுத்தால் நிறத் தகவல் போயே போய்விட்டது. எடிட்டிங்கில் ஆரஞ்சு ஸ்லைடரை (ஆரஞ்சு நிறப் பகுதிகளின் வெளிச்சத்தை மாற்றுவது) ஏற்றினால் முகம் வெளிச்சமாகிப் பின்னணியிலிருந்து பிரியும். கருத்த தோலுக்கு இது மிகவும் உதவும். நீலத்தை அளவுக்குமேல் இறக்கினால் வானம் திட்டுத்திட்டாகும். கிளாரிட்டியை (விளிம்புகளின் மாறுபாட்டைக் கூட்டும் ஸ்லைடர்) முறுக்கி ‘அழுத்தம்’ கொண்டுவரும் பழக்கம் எனக்குப் பிடிக்காது: தோல் அழுக்காகத் தெரியும், வானத்தை ஒட்டிய தலையைச் சுற்றி ஒளிவட்டம் முளைக்கும்.

கேமராவை வெறும் சட்டைப்பையில் போடாதீர்கள். உள்ளிழுத்து வெளிவரும் லென்ஸ் பஞ்சையும் தூசியையும் சென்சார்வரை (ஒளியைப் பதியும் சில்லுவரை) இழுத்துக்கொள்ளும். எஃப் 16-ல் வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள். மங்கலான வட்டப் பொட்டுகள் தெரிந்தால் அதுதான். லென்ஸ் கழலாது என்பதால் சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். தூசியைத் தடுக்கச் சின்னத் துணிப்பை ஒன்று போதும்.

நீங்கள் கேட்ட வகை கேமராக்கள் உண்டு; லைகா க்யூ2 மோனோக்ரோம் 2020-ல் வந்தது. சென்சார்மேல் நிறவடிகட்டி இல்லாததால் அதிக ஐஎஸ்ஓ-விலும் படம் சுத்தமாக இருக்கும். ஆனால் நான் சொன்ன ஆரஞ்சு ஸ்லைடர் அதில் இல்லை. முகத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் எடுப்பதற்கு முன்பே லென்ஸில் நிறக் கண்ணாடியைத் திருகவேண்டும். உங்கள் ஜிஆர் 3-இன் பேட்டரி ஏறக்குறைய 200 படத்துக்குத்தான் தாங்கும். இப்போதைக்கு வாங்க வேண்டியது கூடுதல் பேட்டரி இரண்டு.